பூர்வீகம் தேடும் வழி

(இரண்டாமாண்டு இளமறிவியல், தாவரவியல்)

மாசி மாதத்தில் சிவராத்திரி வந்துவிட்டால் நம் கல்லூரி விடுதி பாதிக்கு மேல் காலியாகிவிடும். ஆலங்குடிப் பக்கத்து மாணவியர் ஆலங்குடிக்கும், பொன்னமராவதிப் பக்கத்து மாணவியர் பொன்னமராவதிக்குமாகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அன்றிரவு குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் எல்லாரும் கூடுவது நம் பக்கத்து வழக்கம். சென்ற ஆண்டு அந்த இரவில் விடுதியிலேயே தங்கிவிட்ட சிலரில் நானும் ஒருத்தி. "உங்க குலசாமி எந்த ஊருல இருக்கு?" என்று ஊருக்குக் கிளம்பிய அறைத்தோழி கேட்டாள். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ரொம்பத் தூரம்" என்றேன். அது பொய்யன்று. எவ்வளவு தூரம் என்பதுதான் எனக்குத் தெரியாது.

எங்கள் குடும்பம் 1973-ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து கப்பலேறித் தாயகம் திரும்பிய குடும்பம். அங்கே இருந்தவரை எங்களை 'இந்தியாக்காரர்' என்றார்கள். இங்கே வந்து இறங்கிய பின் 'சிலோன்காரர்' என்றார்கள். என் அப்பாயி மட்டும், "நாம புதுக்கோட்டைச் சீமைதான் தாயி" என்று அடித்துச் சொல்லும். புதுக்கோட்டைச் சீமையில் எந்த ஊர் என்று கேட்டால் அதற்கும் தெரியாது. அப்பாயிக்கு இப்போது எழுபத்தைந்து வயது. இரண்டு முறை நெஞ்சுவலி வந்து பிழைத்தது. "கண்ணை மூடுறதுக்குள்ள நம்ம சாமிக்கு ஒரு தேங்கா உடைச்சுப்புடணும்" என்பதுதான் அதன் ஒரே ஆசை.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் நான்தான். ஆகவே வீட்டிலிருந்த பழைய காகிதங்களைப் படித்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஓராண்டுக் காலம் நான் தேடிய முறையையும் கண்டறிந்த செய்திகளையும் இங்கே எழுதுகிறேன். நம் மாவட்டத்தில் எங்களைப் போன்ற குடும்பங்கள் பல உண்டு. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் யாருக்கேனும் இது பயன்படக்கூடும்.

ஏன் போனார்கள்?

முன்னோரைத் தேடுமுன் அவர்கள் ஏன் ஊரை விட்டார்கள் என்பதை அறிந்துகொள்ள வேண்டும். போன காலம் தெரிந்தால்தான் எந்தக் காலத்துப் பதிவேட்டைப் புரட்டுவது என்பது தெரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர்கள் இலங்கையின் மலைநாட்டில் காப்பித் தோட்டங்களை உண்டாக்கினார்கள். காப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் சில மாதங்களுக்கே அதிக ஆட்கள் தேவை. எனவே திருச்சி, மதுரை, சேலம், தஞ்சை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமை ஆகிய பகுதிகளிலிருந்து ஆட்கள் கூட்டமாகச் சென்று, பருவம் முடிந்ததும் பலர் திரும்பிவிட்டார்கள். தோணியில் மன்னாருக்குப் போய், அங்கிருந்து நூறு மைலுக்கு மேல் காட்டு வழியே நடந்து மாத்தளையை அடைய வேண்டும். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர்கள் மிகப் பலர்.

1869-ஆம் ஆண்டு இலங்கைக் காப்பித் தோட்டங்களில் ஓர் இலைநோய் தோன்றியது. அதை உண்டாக்கும் பூஞ்சைக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர். தாவரவியல் வகுப்பில் இந்தப் பெயரை நான் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். என் குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றியதும் இதே பூஞ்சைதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இருபது ஆண்டுகளுக்குள் காப்பி அழிந்தது. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது.

தேயிலை பருவப் பயிர் அன்று. ஆண்டு முழுவதும் கொழுந்து விடும். ஆண்டு முழுவதும் கிள்ள வேண்டும். கொழுந்து கிள்ளப் பெண்களும் வேண்டும். ஆகவே ஆண்கள் மட்டும் போய்வந்த நிலை மாறிக் குடும்பம் குடும்பமாகப் போய்த் தங்கும் நிலை வந்தது. போய்வந்தவர்கள் குடியேறியவர்கள் ஆனது இப்படித்தான். இங்கே 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சமும், வானம் பார்த்த நம் பூமியில் கண்மாய் நிறையாத ஆண்டுகளும் அவர்களை நெட்டித் தள்ளின.

ஆள் பிடித்தவர்கள் கங்காணிகள். கங்காணி பெரும்பாலும் அதே ஊர்க்காரராகவோ உறவினராகவோ இருப்பார். முன்பணம் கொடுத்து அழைத்துச் செல்வார். அந்தப் பணம் கடனாக ஏறிக்கொண்டே போகும். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்குப் போவதானால் கடன் தொகையை எழுதிய 'துண்டு' ஒன்றைக் கொடுப்பார்கள். புதிய தோட்டம் அதை அடைத்தால்தான் ஆளை விடுவார்கள். இந்தத் துண்டு முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தோட்ட முதலாளிகள் ஆள் சேர்ப்பதற்கென்றே 1904-இல் திருச்சியில் ஓர் ஆணையத்தை அமைத்தார்கள். 1914-இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் போக்குவரத்தும் தொடங்கியபின் பயணம் எளிதாயிற்று. மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் சில நாள் தங்கவைத்து, நோய் இல்லை என்று கண்ட பின்னரே கப்பலேற்றினார்கள். 1939-இல் இந்திய அரசு, கூலி வேலைக்கு இலங்கை செல்வதற்குத் தடை விதித்தது.

ஏன் திரும்பினார்கள்?

இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டுக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. தந்தை முதலிய முன்னோர் அங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது அச்சட்டம். தோட்டத்து லயத்தில் பிறந்தவர்களிடம் சான்று ஏது? இலட்சக்கணக்கானவர்கள் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாதவர் ஆனார்கள். 1964 அக்டோபர் 30-ஆம் நாள் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர் என்று கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்று தீர்மானித்தார்கள். 1974-இல் அந்த ஒன்றரை இலட்சத்தையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன.

ஒப்பந்தம் ஆன இரண்டு மாதத்திற்குள் வந்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதனால் திரும்பி வந்தவர்கள் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்தில் வந்து இறங்கினார்கள். என் தாத்தாவும் அப்பாயியும் 'இராமானுஜம்' என்ற கப்பலில் வந்தவர்கள். 1984-இல் போர்ச்சூழலால் அக்கப்பல் போக்குவரத்து நின்றது. அங்கேயே தங்கிவிட்ட நாடற்றவர்களுக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இலங்கைக் குடியுரிமை கிடைத்தது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஒப்பந்தப்படி இந்தியக் குடிமக்களாக வந்தவர்கள் தாயகம் திரும்பியோர். 1983-க்குப் பின் போரினால் வந்து லேணாவிளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை முகாம்களில் தங்கியவர்கள் ஏதிலியராக வந்தவர்கள். இரு சாராருக்கும் காகிதங்கள் வேறு. அவை இருக்கும் அலுவலகங்களும் வேறு. தேடுவோர் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வீட்டிலிருந்தே தொடங்குக

மொரீசியசு தீவுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மைவிட ஒரு வகையில் கொடுத்து வைத்தவர்கள். அங்கே இறங்கிய ஒவ்வொருவருக்கும் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, ஊர் முதலியவற்றை ஆங்கிலேயர் பேரேடுகளில் எழுதிவைத்தார்கள். அப்பேரேடுகள் மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. இலங்கைக்குப் போனவர்கள் கங்காணியை நம்பிப் போனவர்கள். அவர்களுக்கு அப்படிப்பட்ட ஒப்பந்தம் இல்லை. ஆகையால் அத்தகைய முழுமையான பேரேடும் இல்லை. அவர்களைத் துண்டு துண்டான சான்றுகளைக் கொண்டுதான் தேட வேண்டும்.

எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் மூன்று சான்றுகள் இருந்தன.

முதலாவது, குடும்ப அட்டை. இது ரேஷன் கடை அட்டை அன்று. தாயகம் திரும்புவோருக்குக் கண்டியிலுள்ள இந்திய உதவித் தூதரகம் கொடுத்தது. குடும்பத்தார் பெயர், வயது, வேலை செய்த தோட்டம், இந்தியாவில் சொந்த ஊர், ஒதுக்கப்பட்ட மறுவாழ்வுத் திட்டம் ஆகியவை அதில் இருக்கும். சிலருக்கு நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் வேலை, சிலருக்கு நூற்பாலையில் வேலை, பலருக்குத் தொழில் கடன். என் தாத்தாவுக்குத் தொழில் கடன் என்று இருந்தது. மலையில் கவ்வாத்து வெட்டியவருக்கு என்ன தொழில் தெரியும்? பெட்டிக்கடை வைத்து, ஆறே மாதத்தில் கடனும் கடையும் போயின என்று அப்பாயி சொல்லும். நிற்க. அந்த அட்டையில் சொந்த ஊர் என்ற இடத்தில் ஓர் ஊர்ப் பெயரும் 'குளத்தூர் தாலுகா, திருச்சி ஜில்லா' என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அவ்வூரின் உண்மைப் பெயரை எழுத வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். கணக்கில் 'எக்ஸ்' என்று வைத்துக்கொள்வதுபோல் 'புதுப்பட்டி' என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது, அப்பாயியின் சுருக்குப்பையில் இருந்த ஒரு சிறிய செப்புக்காசு. தன் மாமனார் கொடுத்தது என்றும், அவருடைய அப்பா ஊரிலிருந்து கொண்டுபோனது என்றும் சொல்லி, அதைத் திருநீற்றோடு சேர்த்து வைத்திருந்தது. திருக்கோகர்ணத்திலுள்ள அருங்காட்சியகத்திற்கு அதை எடுத்துச் சென்றேன். 1910-இல் தொடங்கிய பழமையான காட்சிச்சாலை அது. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் அதே காசு இருந்தது! ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. அதுதான் அம்மன் காசு. ஓர் அணாவுக்கு இருபது அம்மன் காசு. தொண்டைமான் மன்னர்களின் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் மட்டும் வழங்கிய நாணயம். அப்பாயி சொன்ன 'புதுக்கோட்டைச் சீமை' என்ற சொல்லுக்கு முதல் சாட்சி கிடைத்தது. ஆனால் காசு கைமாறிப் போகும் பொருள். எனவே அது துப்பு மட்டுமே, முடிவாகாது.

மூன்றாவது சான்று பெட்டியில் இல்லை. அப்பாயியின் நினைவில் இருந்தது. மாமனார் தன் அப்பா சொல்லக் கேட்டதாகச் சொன்னதாம்: "நம்ம கருப்பர் கோயிலுக்கு முன்னால கொளம். கொளத்துக்குள்ள கல்லால வாசக்கால் வச்ச மாதிரி ரெண்டு தூணு நிக்கும். கோயிலுக்கு நம்ம தோட்டத்து ஆளுக மணி வாங்கிக் குடுத்திருக்கு." குளத்துக்குள் எதற்கு வாசற்கால் என்று அப்பா சிரிப்பார். புதுக்கோட்டைச் சமஸ்தானக் கல்வெட்டுகள் என்ற தொகுப்பு 1929-இல் வெளியானது. அதில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அதைப் புரட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் வரலாற்றுப் பேராசிரியர் விளக்கினார்: அது குமிழித் தூம்பு. குளத்து நீரைப் பாசனத்திற்குத் திறந்துவிட, கரையிலிருந்து உள்ளே தள்ளி இரண்டு கல்தூண்களை நட்டு, நடுவே அடைப்புக் கல்லை ஏற்றி இறக்கும் அமைப்பு. நம் மாவட்டத்துப் பழங்குளங்களில் இது பரவலாக உண்டு; தூண்களில் கல்வெட்டுகளும் உண்டு. தாத்தா பாட்டியர் சொல்வதை விளங்கவில்லை என்பதற்காகத் தள்ளிவிடக் கூடாது என்று அன்று கற்றுக்கொண்டேன்.

மூன்று தாலுகாக் கணக்கு

அடுத்து ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கேதான் பலரும் தடுமாறுவார்கள். நம் மாவட்டம் 1974 ஜனவரி 14-இல் உண்டானது. அதற்கு முன் புதுக்கோட்டை திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதி. 1948 மார்ச் 3-இல் இந்தியாவோடு இணையும்வரை தனிச் சமஸ்தானம். சமஸ்தானத்தில் இருந்தவை மூன்றே தாலுகாக்கள்: ஆலங்குடி, குளத்தூர், திருமயம். இன்று தனி வட்டங்களாக உள்ள கறம்பக்குடி அன்று ஆலங்குடித் தாலுகாவிலும், பொன்னமராவதி திருமயம் தாலுகாவிலும், விராலிமலை குளத்தூர்த் தாலுகாவிலும் இருந்தன. அறந்தாங்கியும் கந்தர்வகோட்டையும் சமஸ்தானத்தைச் சேர்ந்தவையே அல்ல. அவை தஞ்சை மாவட்டத்து ஊர்கள். ஆகவே அட்டையில் 'குளத்தூர் தாலுகா' என்றிருந்தால் இன்றைய குளத்தூர் வட்டத்தில் மட்டும் தேடிப் பயனில்லை. பழைய எல்லையில் தேட வேண்டும்.

இரண்டாவது இடர், ஊர்ப் பெயர். பட்டி, குடி, வயல், காடு, கோட்டை என்று முடியும் ஊர்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கும். தமிழ் அறியாத எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். நான் 'புதுப்பட்டி' என்று வைத்துக்கொண்ட பெயரில் பழைய குளத்தூர்த் தாலுகாவில் மூன்று ஊர்களைக் கண்டேன். கிராம வரைபடங்களைப் பார்த்து, குளமும் அதன் கரையில் கோயிலும் உள்ள ஊர்களைப் பிரித்தேன். மூன்று இரண்டாயிற்று.

'வகையறா'

ஊர் ஓரளவு தெரிந்தபின் வருவாய்த்துறைப் பதிவேடுகளுக்குப் போகலாம். நிலத்தின் அளவு, வகை, தீர்வை, பட்டாதாரர் பெயர் ஆகியவற்றைக் கூறுவது 'அ' பதிவேடு. ஒருவர் பெயரிலுள்ள நிலங்களைத் தொகுத்துக் கூறுவது சிட்டா. எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கூறுவது அடங்கல். 1980-க்கு முன் இவற்றை எழுதியவர்கள் பரம்பரைக் கணக்குப்பிள்ளைகள். அதன்பின் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். இன்றைய பட்டா விவரங்களை இணையத்திலேயே பார்த்துவிடலாம். நமக்கு வேண்டியதோ பழைய நிலவரித் திட்டப் பதிவேடு. அதற்கு வட்ட அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்து, உரிய கட்டணம் செலுத்த வேண்டும். அப்பாவும் நானும் நான்கு முறை போனோம். நான்காம் முறை நகல் கிடைத்தது.

இங்கே கசப்பான ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். நிலப்பதிவேடு நிலம் உள்ளவர்களின் பதிவேடு. மலைக்குப் போனவர்களில் மிகப் பலர் ஒரு குழி நிலமும் இல்லாத பண்ணையாட்கள். அவர்கள் பெயரைப் பதிவேட்டில் தேடினால் கிடைக்காது. பெயர் இல்லாமையால் அவர்கள் அவ்வூரில் வாழவில்லை என்று பொருளாகிவிடாது. அத்தகையோர் கோயில் வரிநோட்டையும், கிறித்தவரானால் ஆவூர் போன்ற பழைய பங்குகளின் ஞானஸ்நான ஏடுகளையும், ஊர்ப் பெரியவர்களின் நினைவையும் நாட வேண்டும்.

பதிவேட்டில் பெயரைத் தேட நம் பெயரிடும் மரபு ஒரு நல்ல கருவி. 'பேரன்' என்றால் பெயரன்; பாட்டன் பெயரைக் கொண்டவன். எங்கள் குடும்பத்திலும் அப்படியே. என் தாத்தாவுக்கு என் ஓட்டனின் பெயர். ஓட்டன்தான் கப்பலேறிப் போனவர். ஓட்டனின் மகனான பூட்டனுக்கோ, ஓட்டனுடைய தந்தையின் பெயர். ஆக, பெயர் தெரியாத ஒரு தலைமுறையின் பெயரை இந்த மரபைக் கொண்டே ஊகித்துவிட்டேன். முதல் ஊரின் பதிவேட்டில் அப்பெயர் இல்லை. இரண்டாவது ஊரின் பதிவேட்டில், ஒரு ஏக்கருக்கும் குறைவான புஞ்சைக்கு எதிரே, என் பூட்டன் பெயரையே தந்தை பெயராகக் கொண்ட ஒருவர் பெயரும், அதை அடுத்து 'வகையறா' என்ற ஒரு சொல்லும் இருந்தன.

அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்காத நிலமானால் மூத்தவர் அல்லது ஊரில் இருப்பவர் பெயரை எழுதி, மற்றவர்களை 'வகையறா' என்று முடித்துவிடுவது வழக்கம். என் ஓட்டன் அந்த வகையறாவுக்குள்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் தோன்றுவது சான்றாகாது. ஒரே பெயர் இருவருக்கு இருக்கலாம் அல்லவா?

மணியின் சாட்சி

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் அந்த ஊருக்குப் போனோம். குளம் இருந்தது. குளத்துக்குள் இரண்டு கல்தூண்கள் நின்றன. கரையில் கருப்பர் கோயில். ஆலமரத்தடியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் அப்பா விவரம் சொன்னார். அவர் முகம் மாறிவிட்டது. நெடுநேரம் பேசாமல் இருந்து, "பங்கு கேட்டு வந்திருக்கியளா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவரைக் குறை சொல்ல முடியாது. நூறு ஆண்டுக்கு முன் போனவரின் வாரிசு என்று கையில் பதிவேட்டு நகலோடு வந்து நிற்பவர்களை யார்தான் ஐயப்பட மாட்டார்? அப்பா நகலை மடித்து என் பைக்குள் வைக்கச் சொன்னார். "நெலம் வேணாம்யா. எங்க அம்மா சாமி கும்புடணும்னு ஆசைப்படுது. தேங்கா உடைக்க எடம் குடுத்தாப் போதும்" என்றார். ஊர்ப் பெயரை இங்கே எழுதாத காரணமும் இதுதான். பெரியவர் அரை மனதோடு கோயிலுக்குள் அழைத்துப் போனார்.

உள்ளே உத்திரத்தில் ஒரு வெண்கல மணி தொங்கிற்று. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துப் பார்த்தேன். 'யுவ வருஷம் தை மாதம் இலங்கை மாத்தளை ஆத்துமேட்டுத் தோட்டம் பங்காளிகள் உபயம்' என்று வெட்டியிருந்தது.

எங்கள் குடும்ப அட்டையில் இருந்ததோ ஏதோ ஸ்காட்லாந்து ஊரின் பெயர். தோட்டங்களுக்குத் துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று. தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயர் மற்றொன்று. இரண்டுக்கும் தொடர்பே இராது. அப்பா உடனே கைப்பேசியில் அப்பாயியை அழைத்து, "அம்மா, நம்ம தோட்டத்துக்குத் தமிழ்ல என்ன பேரு?" என்று கேட்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஒலிபெருக்கியில் அப்பாயியின் குரல் கோயிலுக்குள் கேட்டது: "ஆத்துமேட்டுத் தோட்டம். ஏன்டா, இத்தனை வருஷத்துக்கப்புறம் கேக்குற?" பெரியவர் மணியையும் கைப்பேசியையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஆண்டைக் கணிப்பது எளிது. தமிழ் ஆண்டுகள் அறுபது. ஒரு சுற்று முடிந்தால் அதே பெயர் திரும்ப வரும். தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது 1876. தாதுவுக்கு முந்தியது யுவ. எனவே யுவ என்பது 1875, 1935, 1995 ஆகிய ஆண்டுகளில் ஒன்றில் பிறந்திருக்க வேண்டும். 1995-இல் நாங்கள் இந்தியாவுக்கு வந்து இருபது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. 1875-இல் என் ஓட்டன் பிறந்தேயிருக்க மாட்டார். எஞ்சியது 1935. அதன் தை மாதம் 1936-இன் தொடக்கத்தில் வரும். மணி வாங்கி அனுப்பியபோது தனக்குப் பத்து வயது என்று பூட்டன் அப்பாயியிடம் சொல்லியிருக்கிறார். பூட்டன் பிறந்தது 1925-ஐ ஒட்டி. கணக்கு சரியாக இருந்தது.

பதிவேடு, மணி, நினைவு மூன்றும் தனித்தனி வழியில் வந்து ஒரே இடத்தில் சந்தித்தன. அதற்குமேல் ஐயத்திற்கு இடமில்லை. பெரியவர் ஓர் அலமாரியைத் திறந்து, கோயில் வரிநோட்டை எடுத்தார். பங்காளிகளின் தலைக்கட்டுப் பட்டியல் அதில் இருந்தது. கடைசிப் பெயருக்குக் கீழே விரலை வைத்து அப்பாவிடம், "பேரச் சொல்லு. வருஷ வரி ஐந்நூறு. இப்பக் குடுக்குறியா, சிவராத்திரிக்குக் குடுக்குறியா?" என்றார். அப்பா அப்போதே கொடுத்தார். கொடுக்கும்போது அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன்.

தேட விரும்புவோர்க்கு

என் அனுபவத்தில் அறிந்தவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன்.

வீட்டிலுள்ள மூத்தவரிடமிருந்து தொடங்குங்கள். அவர் சொல்வதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள். குடும்ப அட்டை, கடவுச்சீட்டு, தோட்டத்துச் சீட்டு, கழுத்தில் கட்டிவிட்ட எண் பொறித்த தகர வில்லை என எது கிடைத்தாலும் படியெடுத்து வைத்துக்கொண்டு, மூலத்தைப் பத்திரப்படுத்துங்கள். ஊர்ப் பெயரைப் பழைய தாலுகா எல்லையில் தேடுங்கள். அண்மைத் தலைமுறைகளுக்குப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும், சொத்து கைமாறியிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்து வில்லங்கச் சான்றும் உதவும். மாவட்டத்தில் கிடைக்காத அரசு ஆவணங்களுக்குச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் விசாரிக்கலாம். கோயில் மணி, குத்துவிளக்கு, படிக்கல் ஆகியவற்றில் 'உபயம்' என்ற சொல்லைத் தேடிப் படியுங்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரே சோதனையை வைத்து முடிவு எழுதினால் ஆசிரியர் ஏற்பதில்லை. இங்கும் அப்படியே, ஒரு சான்று ஊகம், ஒன்றை ஒன்று சாராத இரண்டு சான்றுகளே ஆதாரம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, காலம் தாழ்த்தாதீர்கள். பதிவேடு அலுவலகத்தில் இருக்கும். மணி கோயிலில் இருக்கும். அவ்விரண்டையும் இணைத்தது அப்பாயியின் நினைவிலிருந்த ஒரு பெயர். இன்னும் சில ஆண்டு கழித்து நான் தேடியிருந்தால், மணியைப் பார்த்தும் அது எங்கள் மணி என்று அறியாமல் திரும்பியிருப்பேன்.

இவ்வாண்டு சிவராத்திரிக்கு அப்பாயியை ஆட்டோவில் வைத்து அழைத்துப் போனோம். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. அப்பாயி அழவில்லை; அழும் என்று நாங்கள்தான் பயந்திருந்தோம். சுருக்குப்பையை அவிழ்த்து அம்மன் காசை எடுத்துக் கருப்பர் காலடியில் சிறிது நேரம் வைத்தது. பிறகு உண்டியலில் போடாமல் எடுத்து என் கையில் கொடுத்து, "இது உங்கிட்ட இருக்கட்டும் தாயி. எந்த ஊரு காசுன்னு இனிமே ஒனக்குத் தெரியும்" என்றது.

விடுதிக்குத் திரும்பியதும் அறைத்தோழியிடம் சொன்னேன்: "எங்க குலசாமி ரொம்பத் தூரமில்ல. டவுன் பஸ்ஸுல முக்கால் மணி நேரம்."